அழைத்தால் மட்டுமே வருகிறவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் உலகச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் சவ ஊர்திக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு வரிசையாகப் போகின்றன. ஒவ்வொரு வண்டியின் பின்புறமும் பெரிய கொடி. படத்தின் கீழே, ‘பைக் கும்பல் புடைசூழ, 21 குண்டுகள் முழங்க அரசு மரியாதை’ என்று போட்டிருந்தீர்கள். ஒரே வரியில் மூன்று பிழைகள். அது கும்பலும் இல்லை, 21 குண்டும் இல்லை, அந்த வண்டிகளுக்கும் அரசுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புதன்கிழமை வாசகர் ஒருவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, ‘இழவு வீட்டில் எஞ்சின் சத்தமா? இது போரைப் போற்றும் கூத்து’ என்று காட்டமாக எழுதியிருந்தார். உங்கள் குறிப்பைப் படித்த யாருக்கும் அந்தக் கோபம் வரத்தான் செய்யும். ஆகவே குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சென்ற ஆகஸ்ட் மாதம் என் பக்கத்து வீட்டுக்காரரை ஹூஸ்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். இளம் வயதில் கட்டாய ஆள்சேர்ப்பில் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ராணுவ லாரிகளைப் பழுது பார்த்தவர். திரும்பி வந்து பள்ளி பஸ் ஓட்டினார். மனைவி முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இருந்த ஒரே உறவு ஒஹையோ மாநிலத்தில் வாழும் அவருடைய தங்கை. அந்த அம்மாள் விமானத்தில் வந்து இறங்கியபோது, அண்ணனுடைய ராணுவ விடுவிப்புச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அது இல்லாமல் அங்கே எதுவும் நகராது. டிடி 214 என்று அந்தப் படிவத்துக்குப் பெயர். எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எப்போது சேர்ந்தார், எப்படி விடுவிக்கப்பட்டார் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். சமையலறை இழுப்பறையில், மின்சாரக் கட்டண ரசீதுகளுக்கு அடியில் கிடந்ததை நான்தான் தேடி எடுத்தேன். ராணுவத்தில் பிள்ளைகள் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களும் இன்று அமெரிக்காவில் உண்டு. அவர்களுக்கு இந்த ஒரு வரியாவது பயன்படட்டும்: அந்தக் காகிதத்தை வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

காகிதம் கிடைத்தவுடன் அரசு செய்ய வேண்டியதைச் செய்தது. தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இடம், குழி தோண்டி மூடுவது, பெயர் பொறித்த கல், பிற்காலப் பராமரிப்பு ஆகிய எதற்கும் கட்டணம் இல்லை. மனைவிக்கும் அந்த உரிமை உண்டு என்பதால் அவருடைய மனைவியும் அங்கேதான் இருக்கிறார். சவப்பெட்டியின் மேல் போர்த்தும் கொடி, ஐந்தடிக்கு ஒன்பதரை அடி, படிவம் நிரப்பிக் கொடுத்தால் தபால் நிலையத்திலேயே கிடைக்கும். பெட்டி, சவ ஊர்தி, உடலைப் பாதுகாப்பது இவையெல்லாம் குடும்பத்தின் செலவு.

ராணுவ மரியாதைக்கும் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல், தகுதியுள்ள முன்னாள் வீரரின் குடும்பம் கேட்டால் சீருடை அணிந்த குறைந்தது இரண்டு பேரைப் படைத்துறை அனுப்பியாக வேண்டும். அவர்களில் ஒருவராவது இறந்தவரின் படைப்பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கொடியை மடித்துக் குடும்பத்திடம் தர வேண்டும். அடக்கத்தின்போது ஊதுகொம்பில் வாசிக்கும் ‘டாப்ஸ்’ என்ற மெட்டை இசைக்க வேண்டும். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இவ்வளவுதான். துப்பாக்கி முழக்கம் இதில் கிடையாது. அது நடந்தால் பெரும்பாலும் முன்னாள் வீரர் சங்கத்தைச் சேர்ந்த முதியவர்கள் தாங்களாக வந்து நடத்துவது. அப்போதும் அது 21 குண்டு மரியாதை ஆகாது. ஏழு பேர் ஒன்றாக மூன்று முறை சுட்டால் கணக்கில் 21 வருகிறது. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. சரியான பெயர் மூன்று சுற்று முழக்கம். 21 குண்டு என்பது பீரங்கி முழக்கம். நாட்டின் அதிபர்களுக்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் உரியது. பள்ளி பஸ் ஓட்டுநருக்காக அங்கே யாரும் பீரங்கியை இழுத்துவர மாட்டார்கள்.

அப்படியானால் அந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் யார்? பல அமைப்புகள் உண்டு. அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் வீரர் சங்கத்தின் ரைடர்ஸ் பிரிவு 1993இல் மிச்சிகன் மாநிலம் கார்டன் சிட்டியில் தொடங்கியது. உங்கள் படத்தில் இருப்பது போன்ற ஊர்வலங்களில் அதிகம் பேசப்படுவது பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ். அது 2005இல் பிறந்தது. பிறந்த காரணம் தெரிந்தால்தான் புதன்கிழமை வாசகர் எழுப்பிய எஞ்சின் கேள்விக்கு விடை கிடைக்கும்.

கான்சஸ் மாநிலம் டொபீகாவில் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச் என்ற சிறு கூட்டம் இருக்கிறது. பெயருக்குச் சர்ச், உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஃபிரெட் ஃபெல்ப்ஸ் என்பவரின் குடும்பத்தார். ஓரினச் சேர்க்கையாளர்களை அமெரிக்கா சகித்துக்கொள்வதால் கடவுள் அந்த நாட்டைத் தண்டிக்கிறார், போரில் வீரர்கள் சாவது அந்தத் தண்டனைதான் என்பது அவர்கள் கொள்கை. ஈராக்கிலிருந்து சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்த காலத்தில், அடக்கம் நடக்கும் இடங்களுக்கு அருகே போய், ‘ராணுவ வீரர்கள் செத்ததற்குக் கடவுளுக்கு நன்றி’ என்று அட்டை பிடித்துப் பாடினார்கள். மகனைப் புதைக்க வந்த தாய் அதைப் பார்த்தபடி காரிலிருந்து இறங்க வேண்டும்.

அதே கான்சஸில் மல்வேன் என்ற சிற்றூரைச் சேர்ந்த அமெரிக்கன் லீஜன் ரைடர்ஸ் சிலர் இதைக் கேள்விப்பட்டார்கள். அடிதடியில் இறங்கினால் அந்தக் கூட்டத்துக்கு வேண்டியதே கிடைத்துவிடும். வழக்கு, விளம்பரம், நஷ்டஈடு. ஆகவே கொடிகளோடு போய், குடும்பத்துக்கும் அட்டைகளுக்கும் நடுவே, அட்டைகளுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். பாட்டு தொடங்கினால் எஞ்சினை முடுக்கினார்கள். பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ் பிறந்தது இப்படித்தான். சத்தத்தின் கதையும் இதுதான், வாசகரே. வசவு காதில் விழாமல் இருக்க எழுப்பிய சத்தம்.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். செய்யப் பார்த்தது. 2006இல் தேசியக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் ஆர்ப்பாட்டம் கூடாது என்று சட்டம் வந்தது. 2012இல் அதை இரண்டு மணி நேரமாக்கினார்கள். இடையில் ஒரு தந்தை அந்தக் கூட்டத்தின் மேல் வழக்கு தொடுத்தார். மகன் கடற்படைக் காலாட்படை வீரர், 2006இல் ஈராக்கில் இறந்தவர். மேரிலாந்தில் நடந்த அடக்கத்தின்போது ஆர்ப்பாட்டக்காரர்கள் நின்றது சர்ச்சிலிருந்து சுமார் ஆயிரம் அடி தள்ளி. போகும் வழியில் அட்டைகளின் மேல்விளிம்புதான் அந்தத் தந்தைக்குத் தெரிந்தது. என்ன எழுதியிருந்தது என்பதை அன்று இரவு தொலைக்காட்சியில் பார்த்துத்தான் அறிந்தார். நடுவர் குழு 2007இல் அவருக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. விசாரணை நீதிபதி அதைக் குறைத்தார். மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. போதாக்குறைக்கு, எதிர்த்தரப்பின் நீதிமன்றச் செலவு 16,510 டாலரை அவரே கட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. கடைசியில் 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஃபெல்ப்ஸ் தரப்புக்கே தீர்ப்பளித்தது. பொது இடத்தில், பொதுப் பிரச்சினை பற்றி, விதிகளை மீறாமல் பேசியதைத் தண்டிக்க முடியாது என்றது. மாறுபட்டவர் நீதிபதி அலிட்டோ ஒருவரே.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். இன்று கேட்கச் சகிக்காததற்காக ஒருவர் வாயை அரசு அடைத்தால், நாளைக்கு யார் வாயை அடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அரசு செய்யக் கூடாததை அக்கம்பக்கத்தார் செய்யலாம். கேட்கப் பிடிக்காத பேச்சுக்கு முன்னால் போய், யாரையும் தொடாமல், ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான். உங்கள் குறிப்பு இதை அரசு மரியாதை என்று சொன்னதும் அந்த மனிதர்களின் பங்கே காணாமல் போய்விட்டது.

பிற்பாடு ஆர்ப்பாட்டக்காரர்கள் வருவது குறைந்தது. ஃபெல்ப்ஸும் 2014இல் இறந்துவிட்டார். ரைடர்கள் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. போரில் இறந்தவர்கள் என்றில்லாமல், வயதாகி வீட்டில் இறந்த முன்னாள் வீரர்களுக்கும் வரத் தொடங்கினார்கள். அவர்கள் விடாப்பிடியாகக் காக்கும் விதி, குடும்பம் அழைக்காமல் போவதில்லை என்பது.

என் பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் அது எப்படி நடந்தது என்று கூட இருந்து பார்த்தேன். இறுதிச் சடங்கு இல்லத்தின் மேலாளர், ‘ரைடர்களை அழைக்கலாமா?’ என்று தங்கையிடம் கேட்டார். அந்த அம்மாள் தயங்கினார். அண்ணனுக்கு ஆரவாரம் பிடிக்காது. தெருவில் யாராவது இலை ஊதும் இயந்திரத்தை முடுக்கினாலே ஜன்னலைச் சாத்துகிறவர். ‘பேசிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்’ என்றார் மேலாளர். மாலையில் ‘ரைட் கேப்டன்’, அதாவது ரைடர்களின் அன்றைய தலைவர், தொலைபேசியில் அழைத்தார். எத்தனை வண்டி வரலாம், கொடி வரிசை வாசலிலா உள்ளேயும் வேண்டுமா, கல்லறைத் தோட்டம் வரை உடன் வரலாமா, புகைப்படம் எடுக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கொடி வரிசை வாசலில் மட்டும், கல்லறைத் தோட்டம் வரை வரலாம், பேச்சு எதுவும் வேண்டாம், படம் வேண்டாம், சத்தம் வேண்டாம் என்றார் தங்கை. ‘சரி, மேடம்’ என்றார் அவர். சொன்னது எல்லாம் அப்படியே நடந்தது.

மறுநாள் காலை வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ‘கும்பல்’ என்று உங்கள் உதவி ஆசிரியரை எழுத வைத்தது அவர்கள் தோற்றம்தான். தாடி உண்டு, பச்சை குத்திய கைகள் உண்டு, ஒட்டுத்துணிகள் தைத்த கறுப்புத் தோல் மேலங்கி உண்டு. ஆகஸ்ட் மாத ஹூஸ்டனில் தோல் மேலங்கி என்பது மருத்துவ ரீதியாக முட்டாள்தனம்; அதையும் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நடையைப் பார்த்தே யாருக்கு இடுப்பு மாற்று அறுவை, யாருக்கு முழங்கால் என்று சொல்லிவிடலாம். கேப்டன் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு பெண் தபால்காரர், அரை நாள் விடுப்பு எடுத்துத் தன் சிறிய காரில் வந்திருந்தார். அவர் ராணுவத்தில் இருந்ததில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டவும் தெரியாது. இரண்டும் தேவையில்லை. வண்டி இருக்கிறதா, போரை ஆதரிக்கிறாயா எதிர்க்கிறாயா என்று அங்கே கேட்பதில்லை. இறந்தவரிடமும் குடும்பத்திடமும் மரியாதையாக நடந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

வரிசையில் நிறுத்துவதற்கு முன் கேப்டன் எல்லோரையும் மர நிழலில் கூட்டிப் பேசினார். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். வரிசையில் பேச்சில்லை, புகையில்லை, கறுப்புக் கண்ணாடி பரவாயில்லை. தண்ணீர் குடித்துவிட்டு நில்லுங்கள். முழங்காலை விறைத்து வைக்காதீர்கள், மயங்கி விழுவீர்கள். தலை சுற்றினால் ஓரடி பின்னால் நகருங்கள். பக்கத்தில் இருப்பவர் இடத்தை நிரப்பட்டும், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். நான் அசந்துபோனேன். அசையாமல் நெடுநேரம் நிற்பவரின் ரத்தம் காலில் தேங்கி மூளைக்குக் குறையும் என்பதை மாணவிகளுக்குப் பாடமாகச் சொல்லித் தந்தவள் நான். அந்தக் குழாய் வேலைக்காரர் என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். சொன்னபடியே ஒருவர் பின்னால் நகர்ந்தார். இடம் நிரம்பியது. நான் தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. மீண்டும் வரிசைக்குப் போகக் கிளம்பியவரை அதட்டித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

பெட்டி வெளியே வந்தபோது கேப்டன் தாழ்ந்த குரலில் ஒரு கட்டளை சொன்னார். கொடி பிடிக்காத கைகள் மெதுவாக நெற்றிக்கு உயர்ந்தன. சீருடை இல்லாத முன்னாள் வீரர்களும் கொடிக்கு வணக்கம் வைக்கச் சட்டம் இடம் தருகிறது; மற்றவர்கள் கையை நெஞ்சில் வைத்தார்கள். தங்கை அந்த இரு வரிசைக்கும் நடுவே நடந்து வந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறுதல் சொல்கிறேன் என்று கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. இழவு வீடுகளில் நான் பார்த்த மனிதர்களில் மிகக் குறைவாகத் தொந்தரவு கொடுத்தவர்கள் இவர்கள்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

சாலையில் வண்டிகள் முன்னே போயின. எதிரே வந்த கார்கள் ஓரங்கட்டி நின்றன; அந்த ஊரில் அது வழக்கம். கல்லறைத் தோட்டத்தை எட்டியதும் ரைடர்கள் முந்திச் சென்று வண்டிகளை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சவ ஊர்தி வரும்போது கொடிகளோடு நின்றிருந்தார்கள். தேசியக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் சடங்கு குழிக்கு அருகே நடப்பதில்லை. கூரை மட்டும் போட்ட திறந்த மண்டபத்தில் சுமார் இருபது நிமிடம். அடுத்த குடும்பம் காத்திருக்கும். புதைப்பது பிறகு, ஊழியர்கள் கையால்.

இரண்டு இளம் வீரர்கள் வந்திருந்தார்கள். ஒருவன் ஊதுகொம்பை உதட்டில் வைத்தான். 24 சுரங்கள் கொண்ட அந்த ‘டாப்ஸ்’, 1862இல் உள்நாட்டுப் போரின்போது டேனியல் பட்டர்ஃபீல்ட் என்ற தளபதி வடிவமைத்தது. அன்று அதை ஊதியது அந்தப் பையனின் மூச்சு இல்லை. கொம்பின் வாய்க்குள் ஒரு சிறு மின்னணுப் பெட்டி இருக்கும்; பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த இசை வரும். ஊதத் தெரிந்த வீரர்கள் போதவில்லை, அடக்கங்கள் அதிகம், அதனால் இந்த ஏற்பாடு. காரணம் புரிகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையாக ஊதும் தன்னார்வலர்களைத் திரட்ட 2000இல் பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா என்ற அமைப்பே தொடங்கியிருக்கிறார்கள். பிறகு இருவரும் கொடியை 13 மடிப்பாக, சிவப்பு வெளியே தெரியாமல், நீலமும் நட்சத்திரமும் மட்டும் தெரியும் முக்கோணமாக மடித்தார்கள். மடிப்பில் பிசிறில்லை. அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஒருவன் மண்டியிட்டு அதைத் தங்கையின் கையில் கொடுத்து, அதிபர், ராணுவம், நன்றியுள்ள நாடு என்று சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

அந்த மண்டபத்தில் ரைடர்கள் இல்லை என்று வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். தங்கை, நான், என் கணவர், பள்ளி பஸ் நிலையத்திலிருந்து வந்த சிலர், இரண்டு வீரர்கள், ஒரு மின்னணுக் கொம்பு. அவ்வளவே.

உறவே இல்லாதவர்களும் உண்டு. 2019 ஜனவரியில் டெக்சாஸ் கில்லீனில் உள்ள மாநில முன்னாள் வீரர் கல்லறைத் தோட்டத்தில், வியட்நாம் காலத்து விமானப்படை வீரர் ஒருவரை அடக்கம் செய்ய உறவினர் யாரும் வருவதாகத் தெரியவில்லை. பொதுமக்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்; சாலையில் வண்டிகள் நீண்ட தூரம் நின்றன. சடங்கு இல்லங்களின் அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் யாரும் கேட்காமல் கிடக்கும் அஸ்திக் கலசங்களில் முன்னாள் வீரர்களுடையவை எவை என்று தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே மிஸ்ஸிங் இன் அமெரிக்கா ப்ராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பு இருக்கிறது. அந்தக் கலசங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போதும் மோட்டார் சைக்கிள்கள் முன்னே போகும்.

இனி, போரைப் போற்றும் கூத்து என்ற குற்றச்சாட்டு. எனக்கு எந்தப் போர் மீதும் பிரியம் கிடையாது. வியட்நாம் போர் நடந்திருக்கவே கூடாது என்றுதான் என் பக்கத்து வீட்டுக்காரரே சொல்வார், அதுவும் யாராவது வற்புறுத்திக் கேட்டால். வந்திருந்த ரைடர்களில் அவர் வயதுக்காரர்கள் பலர். அந்தப் போரிலிருந்து திரும்பிய பையன்களை வரவேற்க ஆளில்லை, சில இடங்களில் வசவும் விழுந்தது என்பது அந்தத் தலைமுறை மறக்காத விஷயம். போருக்கு அனுப்பியவர்கள் மேல் வைக்க வேண்டிய கோபத்தைப் போய்வந்தவன் மேல் வைத்தார்கள். போர் தவறு என்று எண்ணுகிறவர் தாராளமாக எண்ணலாம்; எழுதலாம். லாரி பழுது பார்த்த ஒருவரின் பெட்டிக்கு முன்னால் நின்றுதான் அதைச் சொல்ல வேண்டுமா என்பதே கேள்வி. வரிசையில் நின்றவர்களில் போருக்கு எதிரானவர்களும் இருந்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எனக்கும் குறை உண்டு. டெக்சாஸ் சட்டம் 21 வயது நிரம்பியவர்களை, பயிற்சிச் சான்றோ மருத்துவக் காப்பீடோ இருந்தால், தலைக்கவசம் இல்லாமல் ஓட்ட விடுகிறது. அன்று சிலர் அப்படித்தான் வந்தார்கள். விபத்துப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஓர் அடக்கத்துக்குப் போகிறவர்கள் இன்னோர் அடக்கத்துக்கு வழி செய்யக் கூடாது என்று கேப்டனிடம் சொன்னேன். தான் எப்போதும் கவசம் அணிகிறேன் என்று தன் வண்டியைக் காட்டினார். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வதாகவும் சொன்னார்.

ஆசிரியர் அவர்களே, பெரிய திருத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்தப் படத்தின் குறிப்பை, ‘குடும்பத்தினர் அழைப்பை ஏற்று வந்த தன்னார்வ மோட்டார் சைக்கிள் ஓட்டிகள்’ என்று மாற்றி ஒரு மூலையில் போடுங்கள். 21 குண்டை எடுத்துவிடுங்கள். புதன்கிழமைக் கடிதம் எழுதிய வாசகர் விரும்பினால் என் மின்னஞ்சல் முகவரியை அவருக்குக் கொடுக்க எனக்கு ஆட்சேபமில்லை. தலைக்கவச விஷயத்திலாவது நாங்கள் இருவரும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்.